முக்கால் சாண் காரின் ரெக்ஸின் டாப்

கரூரில் பஸ் பாடி கட்டத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேராவது இருப்பார்கள். பொம்மை பஸ் கட்டத் தெரிந்தவர்கள் நான்கு பேர்தான். ஊர் இன்னும் ஒழுங்காக நடந்துகொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான்கு பேரும் ஒரே பட்டறையில் வேலை செய்தார்கள். பெயிண்ட் அடிக்கிற சென்னியப்பன், தகரம் வெட்டி வெல்டிங் வைக்கிற காளியண்ணன், ஒயரிங் ஆரோக்கியம், சீட்டுக்கு ரெக்ஸின் போடுகிற நாச்சிமுத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்குப் பின்னாலிருந்த ஷெட்டில் கூடி, மிஞ்சிய தகரத்தில் சின்னச் சின்ன பஸ் செய்வார்கள். தங்கள் கூட்டத்துக்குக் குறுவாகனக் கழகம் என்று பெயர் வைத்திருந்தார்கள். தலைவர் சென்னியப்பன். மூக்குக் கண்ணாடி அவரிடம் மட்டும்தான் இருந்தது.

கழகத்துக்கு ஒரே ஒரு விதி: எதுவாக இருந்தாலும் இருபத்துநாலால் வகுக்க வேண்டும். நிஜ வண்டி இருபத்துநாலு அடி என்றால் பொம்மை ஒரு அடி. சென்னியப்பன் இதை எங்கோ படித்துவிட்டு வந்து சொன்ன நாளிலிருந்து நான்கு பேரும் வஞ்சனையில்லாமல் கடைப்பிடித்தார்கள். பஸ்ஸுக்கு நாற்பத்தெட்டு சீட் என்பதால் பொம்மை பஸ்ஸில் இரண்டு சீட் வைத்தார்கள். டிரைவர் சீட்டை வகுத்துப் பார்த்தபோது ஒன்றும் தேறவில்லை. அதனால் அவர்கள் செய்த எந்த பஸ்ஸிலும் டிரைவருக்கு இடம் கிடையாது.

இந்த நான்கு பேரில் நாச்சிமுத்துவுக்கு மட்டும் ஒரு ஆசை இருந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா மரகதவல்லியிடம் ஒரு பழைய பியட் கார் இருந்தது. உடம்பு கிரீம் நிறம், டாப்பில் மட்டும் கறுப்பு ரெக்ஸின். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் அந்த ரெக்ஸினைப் போட்டவர் நாச்சிமுத்து. அதற்கப்புறம் அவர் போட்டதெல்லாம் பஸ் சீட்டு. பஸ் சீட்டில் யாராவது உட்கார்ந்துவிடுகிறார்கள், போட்ட வேலை தெரிவதில்லை. டாப்பில் யார் உட்காரப் போகிறார்கள்? அந்தக் கார் தெருவில் வரும்போதெல்லாம் நாச்சிமுத்து டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார். டாக்டரம்மாவுக்குத் தருகிற மரியாதை என்று ஊரில் நினைத்தார்கள். டாக்டரம்மாவும் அப்படித்தான் நினைத்து, போகிற போக்கில் தலையாட்டிவிட்டுப் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கார் நேராக ஷெட்டுக்குள்ளேயே வந்து நின்றது. நாச்சிமுத்து எழுந்து நின்றார். டாக்டரம்மா இறங்கிப் பைக்குள்ளிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். உள்ளே முக்கால் சாண் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பியட். அதே கிரீம் நிறம்.

"நாச்சிமுத்து, நான் பூனாவுக்கு மக வீட்டோட போறேன். ஒம்பதாவது மாடி. காரைக் கொண்டு போய் எங்க நிறுத்தறது? அதுக்குத்தான் அவ இதை அனுப்பிச்சிருக்கா. அலமாரியில வெச்சுக்கலாமாம்."

"நல்லா இருக்குதுங்க டாக்டரம்மா."

"எங்க நல்லா இருக்குது? டாப்பைப் பாரு, மொட்டையா இருக்குது. நீ போட்டதை நீயே இதுலயும் போட்டுக் குடு. பெரிய காரு இங்கியே நிக்கட்டும், பாத்துச் செய்யி. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ரயிலு. ரெண்டு மணிக்கு வருவேன். ரெண்டுக்கும் ஒரு வித்தியாசம் தெரியக்கூடாது. முக்கியமா டாப்பு. சரியா வந்துச்சுன்னா பெரிய காரை நீயே வெச்சுக்க."

நாச்சிமுத்து பெரிய காரை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "சரியா வரலீன்னாங்க?"

"பழைய இரும்புக்காரனையும் ரெண்டு மணிக்குத்தான் வரச் சொல்லியிருக்கேன்."

பெட்டியோடு மகள் அனுப்பிய ஒரு தாளும் இருந்தது. பொம்மைக் காருக்கு ரெக்ஸின் டாப் செய்வது எப்படி என்று அதில் எழுதியிருந்தது. டாக்டரம்மா தாளைக் கொடுத்துவிட்டு, சாவியை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தே போய்விட்டார்.

நால்வரும் பட்டறையில் ஐந்து நாள் லீவு கேட்டார்கள். முதலாளி ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. உடனே கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை தாளை யாரும் படிக்கவில்லை. "ரெக்ஸின் போடறது எப்படின்னு எனக்கே தாள் எழுதி அனுப்பறாங்களா?" என்றார் நாச்சிமுத்து. பட்டறையில் கறுப்பு ரெக்ஸின் ஒரு சுருள் முழுசாக இருந்தது. அதிலிருந்து வெட்டலாமா என்று யோசித்தார்கள்.

"அது வேற ரெக்ஸினு," என்றார் காளியண்ணன். நாச்சிமுத்துவின் அக்கா மகன். மாமன் எது செய்தாலும் அவருக்குச் சரியாகவே படும், மாமன் யோசிக்கும்போது மட்டும் சந்தேகம் வரும். "டாக்டரம்மா கண்டுபுடிச்சிருவாங்க மாமா. மாட்டுத் தோலைப் பாத்தே வயசு சொல்றவங்க."

"அப்ப எந்த ரெக்ஸினைப் போட்டா வித்தியாசம் தெரியாது?"

நான்கு பேரும் ஒரே நேரத்தில் பெரிய காரைப் பார்த்தார்கள்.

நாச்சிமுத்து பெரிய காரின் டாப்பில், பின்பக்கமாக, ஒரு உள்ளங்கையளவுக்கு வெட்டி எடுத்து பொம்மையின் மேல் ஒட்டினார். வெட்டு சுத்தமாக இருந்தது. ஒட்டு சுத்தமாக இருந்தது. பார்க்க, பொம்மைக் காரின் மேல் பலாப்பழத் தோலைக் கவிழ்த்து வைத்தது போலிருந்தது.

சென்னியப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "ரெக்ஸினுல வரி வரியா இருக்குதில்ல? அதை நீ இருபத்துநாலால வகுக்கலை."

"வரியை எப்படிங்ணா வகுக்கறது?"

"சுருக்கோணும்."

"என்ற சட்டையைச் சுடுதண்ணியில போட்டா சுருங்குதுங்க," என்றார் ஆரோக்கியம்.

"எத்தனை சுருங்குது?"

"பாதி ஆயிருது. பையன் போட்டுக்கறான்."

"ஒரு தடவைக்கு ரெண்டு. அப்ப இருபத்துநாலுக்குப் பன்னெண்டு தடவை," என்றார் சென்னியப்பன். அவர் இந்த மாதிரி விஷயங்களில் விரல்விட்டு எண்ணுவதே இல்லை.

செவ்வாய்க்கிழமை முழுவதும் ஆரோக்கியம் வீட்டுச் சாம்பார் குண்டாவில் ரெக்ஸினைப் போட்டுப் பன்னிரண்டு தடவை கொதிக்கவிட்டார்கள். ஐந்தாவது தடவை துணி தனியாகவும் மேல்தோல் தனியாகவும் பிரிந்தது. ஏழாவது தடவை மேல்தோலைக் காணவில்லை. விதி விதிதான் என்று மிச்சம் ஐந்து தடவை வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்தார்கள். அதற்கப்புறம் அந்தக் குண்டாவில் எதைச் சமைத்தாலும் புது பஸ் வாசனை வந்தது.

புதன்கிழமை காலையில் நாச்சிமுத்து தானாகவே தாளை எடுத்து சென்னியப்பனிடம் நீட்டினார். சென்னியப்பன் உரக்கப் படித்தார்.

"தூசு இல்லாத இடத்தில் உட்கார்ந்துகொள்ளவும்."

கழகம் யோசனையில் ஆழ்ந்தது. கரூரில் தூசு இல்லாத இடம் எது?

"ஆத்துக்குள்ள நின்னுக்கலாம்," என்றார் காளியண்ணன்.

"உட்காரோணும்னு போட்டிருக்குது."

"அப்ப முங்கிருவோம்."

கடைசியில் ஆரோக்கியம்தான் கண்டுபிடித்தார். பட்டறையில் ஒரு ஏசி ஸ்லீப்பர் பஸ் வேலை முடிந்து நின்றிருந்தது. கண்ணாடியெல்லாம் இறுக்கமாக மூடி, சீட்டுக்கெல்லாம் பாலிதீன் உறை போட்டு, ஒரு பொட்டுத் தூசு இல்லை. நான்கு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, கடைசிப் படுக்கையில் வட்டமாக உட்கார்ந்து திரையை இழுத்து விட்டுக்கொண்டார்கள்.

தாளில் சொன்ன வேலை சுலபமாகத்தான் இருந்தது. டாப் முழுவதும் பசையைத் தடவி டிஷ்யூ பேப்பரை விரிக்க வேண்டும். பேப்பரில் இருக்கிற நுணுக்கமான சொரசொரப்புதான் ரெக்ஸின் வரி. பேக்கரியில் பஜ்ஜிக்குக் கொடுக்கிற டிஷ்யூ ஒன்று காளியண்ணன் சட்டைப்பையில் இருந்தது. தையல் வருகிற இடத்தில் நூல் வைக்கச் சொல்லியிருந்தது, வைத்தார்கள். கறுப்புப் பெயிண்டை மெல்லிசாக அடித்து, ஈரம் இருக்கும்போதே பழைய பல் பிரஷ்ஷால் ஒத்தி எடுக்கச் சொல்லியிருந்தது. சென்னியப்பன் பெயிண்ட் அடித்தார். ஆரோக்கியம் அன்று காலை பல் துலக்கிய பிரஷ்ஷால் ஒத்தி எடுத்தார்.

"இரண்டு மணி நேரம் அசைக்காமல் வைக்கவும்," என்று முடிந்தது தாள்.

அந்தச் சமயத்தில் பஸ் கிளம்பியது. அன்று அதை சேலத்தில் ஒப்படைக்க வேண்டிய நாள். டிரைவர் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கிளப்பியது புது பஸ். புது பஸ்ஸில் ஆள் இருக்காது.

"டிரைவர்கிட்டச் சொல்லலாமுங்ணா," என்று நாச்சிமுத்து எழப்போனார்.

"அசையாதே!" என்று அடிக்குரலில் அதட்டினார் சென்னியப்பன். "படுக்கை ஆடுது பாரு."

"பஸ்ஸே போகுதேங்ணா."

"பஸ்தான் போகுது. பொம்மை இங்கியேதானே இருக்குது? கீழ உன்ற கண்ணால பாரு. அசையுதா?"

நாச்சிமுத்து பார்த்தார். பொம்மை படுக்கையின் மேல் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. அவர் மெதுவாக உட்கார்ந்தார். நான்கு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு ஆற்றுப் பாலத்தைக் கடந்தார்கள். நாமக்கல்லைக் கடந்தார்கள். சேலத்தில் காய்ந்தது. செருப்பில்லாத காலோடு இறங்கி, பொம்மையைத் துண்டில் பொதிந்துகொண்டு லைன் பஸ்ஸில் திரும்பினார்கள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். டாப் பிரமாதமாக வந்திருந்தது. மங்கலான கறுப்பு, அதற்குள் மினுக்கம் காட்டியும் காட்டாமலும் வரி, ஓரத்தில் மயிரிழைத் தையல். வேறு யாராக இருந்தாலும் அதோடு கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நாச்சிமுத்து பொம்மையைப் பெரிய காரின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவருக்குச் சாவி கையில் குலுங்குவது போலவே இருந்தது.

"மாமா," என்றார் காளியண்ணன். "ஒரு வித்தியாசம் இருக்குது."

"எங்க?"

"அதுல ஒரு ஓட்டை இருக்குது. இதுல இல்லை."

பெரிய காரின் டாப்பில் திங்கட்கிழமை வெட்டிய இடம் உள்ளங்கையளவுக்குப் பல்லிளித்துக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இதுலயும் ஒரு ஓட்டை போட்டுருவோம்," என்றார் ஆரோக்கியம்.

"உள்ளங்கையை வகுத்தா கடுகளவு வரும். கடுகளவு ஓட்டையை எவன் போடறது? என்ற கையே நடுங்குது," என்றார் சென்னியப்பன். அப்புறம் கண்களை மூடி யோசித்தார். திறந்தபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. மற்ற மூன்று பேருக்கும் அந்தத் தெளிவைப் பார்த்தாலே தெம்பு வந்துவிடும். "டாக்டரம்மா என்ன சொன்னாங்க? ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியக்கூடாதுன்னாங்க. எதை மாத்தோணும்னு சொன்னாங்களா?"

"சொல்லலீங்களே."

"சின்னதுல கை வெக்கறதுதான் நமக்குச் சிரமம். பெரிசுல கை வெக்கறது பழக்கம்தானே?"

நாச்சிமுத்து துள்ளி எழுந்து ஓடிப்போய்ப் பட்டறையிலிருந்து ரெக்ஸின் சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அது எதுக்கு?" என்றார் சென்னியப்பன்.

"டாப்புக்குங்ணா."

"பொம்மையில ரெக்ஸினா போட்டிருக்கறோம்?"

"இல்லீங்க. டிஷ்யூ பேப்பரு."

"அப்புறம்?"

நாச்சிமுத்து சுருளைக் கீழே வைத்தார்.

வியாழக்கிழமை பெரிய காரின் ரெக்ஸினை உரித்தார்கள். லேசில் வரவில்லை. இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகும் ஒரு ஓரம்கூடக் கிளம்பியிருக்கவில்லை. "எவன்டா இப்படிப் போட்டு வெச்சது," என்று நாச்சிமுத்து தன்னையே திட்டிக்கொண்டு உரித்தார். பொம்மைக்கு ஒரு டிஷ்யூ என்பதால் காருக்கு இருபத்துநாலு டிஷ்யூ பேக்கரியிலிருந்து வாங்கி வந்தார்கள். அது முன்பக்கத்தில் ஒரு மூலைக்குத்தான் வந்தது. வகுக்கும்போது சரியாக வருகிற விதி பெருக்கும்போது ஏன் வரவில்லை என்று யாருக்கும் விளங்கவில்லை. ஆரோக்கியம் அவருடைய மாமனார் நடத்துகிற கல்யாண மண்டபத்துக்கு ஓடி, பந்தியில் இலைக்கு அடியில் விரிக்கிற பேப்பர் ரோல் ஒன்றைக் கொண்டுவந்தார். பசை தடவி அதை விரித்தார்கள். தையலுக்குக் கொடிக்கயிறு வைத்தார்கள். கறுப்புப் பெயிண்ட் அடித்து, பல் பிரஷ்ஷுக்குப் பதிலாகக் குளியலறை தேய்க்கிற பிரஷ்ஷால் ஒத்தி எடுத்தார்கள்.

"மழை பெஞ்சா?" என்று நாச்சிமுத்து தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பொம்மை மேல எப்பவாச்சும் மழை பெஞ்சு பாத்திருக்கறயா?" என்றார் சென்னியப்பன்.

அதோடு முடிந்திருக்கும். காளியண்ணனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. பொம்மையின் கதவை நகத்தால் நெம்பிப் பார்த்தார். "இது தொறக்காது மாமா. வெறும் கோடு." பிறகு பெரிய காரின் கதவை இழுத்துப் பார்த்தார். அது திறந்தது. அவர் போய் வெல்டிங் மிஷினை இழுத்து வந்தார். மாமன் யோசிக்கிறார் என்று பார்த்ததும் சீக்கிரமாகக் கதவுக்கு வெல்டிங் வைத்துவிட்டார்.

பொம்மையில் விளக்கு எரியாது. ஆரோக்கியம் ஜன்னல் வழியாகத் தலையை விட்டு ஒயரையெல்லாம் உருவினார். பொம்மைக்குள் இஞ்சின் கிடையாது. செயின் பிளாக் போட்டு இஞ்சினைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். பொம்மையின் முன்சக்கரம் உருளும், திரும்பாது. அதற்கும் காளியண்ணனே ஒரு பொட்டு வெல்டிங் வைத்தார்.

நாச்சிமுத்து இவ்வளவு நேரமும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். "அண்ணா, அப்புறம் நான் எப்படீங்ணா ஓட்டறது?"

சென்னியப்பன் அவர் தோளில் கை போட்டார். "இப்ப இந்தக் காரு உன்னுதா?"

"இல்லீங்க."

"உன்னுது இல்லாத காரை நீ எப்படி ஓட்டுவே? மொதல்ல உன்னுதாகட்டும்."

நாச்சிமுத்து சரியென்று தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு டாக்டரம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். பின்னாலேயே டெம்போவில் பழைய இரும்புக்காரர். பெரிய கார் பட்டறை மைதானத்தின் அந்தக் கோடியில் சுவரோரமாக நின்றிருந்தது. இந்தக் கோடியில் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டிருந்தது. டாக்டரம்மாவை அதற்குள் நிற்கச் சொல்லிப் பொம்மையைக் கையில் கொடுத்தார்கள்.

"கையை நல்லா நீட்டிப் புடிங்க டாக்டரம்மா," என்றார் சென்னியப்பன். "ஒரு கை தூரத்துல பொம்மை. இருபத்துநாலு கை தூரத்துல காரு. ஒத்தைக் கண்ணை மூடிக்குங்க."

"ஏன், கிட்டப் போய்ப் பாத்தா என்ன?"

"கிட்டப் போனா பெரிசாத் தெரியுமுங்க."

டாக்டரம்மா அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். நாற்பது வருடம் மாடுகளோடு பேசிப் பழகியவர். இவர்களிடம் அதிகம் பேசிப் பயனில்லை என்பது அவருக்கு உடனே தெரிந்தது. கையை நீட்டி ஒற்றைக் கண்ணை மூடினார். முக்கால் சாண் காரும் நிஜக் காரும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே அளவாக நின்றன. ஒரே கறுப்பு. ஒரே வரி. இரண்டும் ஒரே மாதிரி ஆடாமல் அசையாமல் இருந்தன.

நாச்சிமுத்து காரைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவின் மூடாத கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்புக்காரர் டெம்போவின் பின்கதவை இறக்கிவிட்டு வந்தார்.

டாக்டரம்மா கையை மடக்கிப் பொம்மையைப் பக்கத்தில் கொண்டுவந்து கட்டைவிரலால் டாப்பை மெதுவாகத் தடவினார். முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை.

"அதேதான்," என்றார்.

கைப்பையைத் திறந்து சாவியையும் ஆர்சி புத்தகத்தையும் நாச்சிமுத்து கையில் வைத்தார். "நல்லா ஓட்டு. காலையில கிளப்பும்போது கொஞ்சம் மக்கர் பண்ணும். மத்தபடி ஒரு குறையும் இல்லை," என்று சொல்லிவிட்டு, பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போனார். நாச்சிமுத்து ஆட்டோ கண்ணிலிருந்து மறையும்வரை எழுந்து நின்றபடியே இருந்தார். அவர் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார் என்பது வேறு விஷயம்.

இரும்புக்காரர் வெறும் வண்டியோடு போக மனசில்லாமல் சுற்றும்முற்றும் பார்த்தார். ஓரமாக ஒரு இஞ்சின் கிடந்தது. "இது வேணுங்களா?" என்றார்.

"எடுத்துட்டுப் போங்க. எடத்தை அடைச்சுட்டுக் கெடக்குது," என்று சென்னியப்பன் தாராளமாகச் சொல்லிவிட்டார்.

பிறகு நான்கு பேரும் காரிடம் போனார்கள். நாச்சிமுத்து கதவில் சாவியைப் போட்டுத் திருப்பினார். சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை. அவர் காளியண்ணனைப் பார்த்தார். காளியண்ணன் பெருமையோடு தலையாட்டினார்.

"பொம்மை எப்படிப் போகும்?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"தள்ளினாப் போகுமுங்க."

தள்ளினார்கள். போயிற்று. பட்டறை வாசலைத் தாண்டி ரோட்டில் ஏறி, வழவழவென்று நன்றாகவே போயிற்று. இஞ்சின் இல்லாததால் கனமே தெரியவில்லை. நாச்சிமுத்துவின் வீடு இரண்டாவது சந்தில் இடதுபக்கம். சந்து வந்ததும் நிறுத்தினார்கள். கார் நேராக மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"தூக்கித் திருப்பி வெச்சரலாம் மாமா."

"பொம்மையைத் தூக்கித் திருப்ப எத்தனை பேரு?" என்றார் சென்னியப்பன்.

"ஒருத்தரு."

"அப்ப இதுக்கு?"

"இருபத்துநாலு பேருங்க."

சென்னியப்பன் எண்ணிப் பார்த்தார். நான்கு பேர்தான் இருந்தார்கள். விதிக்கு விரோதமாக எதையும் செய்ய அவர்களுக்கு மனம் வரவில்லை. மேலே தள்ளினார்கள். பேக்கரி போயிற்று. கல்யாண மண்டபம் போயிற்று. இரண்டு கிலோமீட்டர் தள்ளி அந்த ரோடே முடிந்துபோகிற இடத்தில் ஒரு பச்சை வீடு இருந்தது. அதன் கேட்டுக்கு நேர் எதிரே கார் தானாக நின்றது.

பனியனோடு தென்னை மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்தார். காரைச் சுற்றி வந்து பார்த்தார். கண் விரிந்தது.

"எங்கீங்க புடிச்சீங்க இதை? அப்படியே பொம்மைக் காராட்டமே இருக்குதே!"

சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆரோக்கியமும் காளியண்ணனும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். நாச்சிமுத்து மட்டும் கேட்டுக்கு அப்பால் அந்தப் பச்சை வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்றோட்டமான வீடு. வாசலில் கார் நிறுத்த நல்ல இடம். கார் ஏற்கெனவே நின்றுகொண்டும் இருந்தது.

"ஏனுங்க," என்றார். "இந்த வீடு வாடகைக்கு வருமுங்களா?"

"நாங்க குடியிருக்கறமே."

"அவசரமில்லீங்க," என்றார் நாச்சிமுத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு. "காலி பண்ணும்போது சொல்லுங்க. காரு எங்கியும் போகாது."